வலது முன்சக்கரத்துப் பொட்டு

என் பெயர் சக்கரவர்த்தி. அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். நாடு கிடைக்கவில்லை, சக்கரம் மட்டும்தான் கிடைத்தது என்று கண்ணமங்கலம் கடைத்தெருவில் என்னைக் கேலி பேசாத ஆளில்லை. வேலூர் ரோட்டில் எனக்கு ஒரு பஞ்சர் கடை. பஞ்சர் ஒட்டுவேன், வண்டி கழுவுவேன். கோபக்காரன் என்றும் ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை நான் மறுத்ததில்லை. இப்போது சொல்லப்போகிற விஷயத்தில் ஒரு உயிர் போயிற்று. அதில் அந்தக் கோபத்துக்கும் பங்கு இருக்கிறது.

எண்பத்தாறாம் வருஷம், வைகாசி மாதம். என் அக்கா ஜெயம்மாளின் மகள் சகுந்தலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஜவ்வாது மலைமேல் நம்மியம்பட்டில் வாத்தியார் வேலை. நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் குழந்தை கிடையாது. சகுந்தலாவை மடியில் உட்கார வைத்துக் காது குத்தியது நான்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் கடைக்கு வந்து, டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இருட்டும்வரை கதையளப்பாள். எனக்கு உலகத்தில் ஒருத்தி என்றால் அவள்தான்.

ஆனாலும் அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நிச்சயதார்த்தத்தன்று சபையில் முதல் தாம்பூலத்தைத் தாய்மாமனுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. அக்கா புருஷன் தேவராஜ் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு புளி மண்டிக்காரர் கையில் கொடுத்தார். மண்டிக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர். பெண் மலையேறிப் போகத் தன்னுடைய வெளிநாட்டுக் காரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு காருக்கு இருக்கிற மரியாதை தாய்மாமனுக்கு இல்லையா என்று சபையிலேயே கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து தேவராஜுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

கல்யாணத்தன்று விடிந்து கொஞ்ச நேரத்தில், சொல்லிவைத்த மாதிரி அந்தக் கார் என் கடை வாசலிலேயே வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சின்னதம்பி. மலைக்காரன், முப்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிற ஆள். மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் இதில்தான் கிளம்புகிறார்கள், சக்கரத்தை மட்டும் பளிச்சென்று ஆக்கித் தரவேண்டும் என்று ஜெயம்மாள் சொல்லி அனுப்பியதாகச் சொன்னான். அக்கா தந்திரக்காரி. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன், வேலைக்குக் கூப்பிட்டால் மறுக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

மலையில் ஒரு வாரமாகக் கோடை மழை. டயர் எங்கே முடிகிறது, சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குச் செம்மண் அப்பியிருந்தது. நம் ஊர் வண்டிகளுக்கு இருப்பது போல இரும்புச் சக்கரம் இல்லை, அலாய் வீல் என்று சின்னதம்பி சொன்னான். ஈயச்சட்டி என்கிறோமே, அந்த அலுமினியம் போல லேசான உலோகம். கழுவினால் வெள்ளியாட்டம் இருக்கும் என்று முதலாளி சொல்வாராம், இவன் பார்த்ததில்லையாம். வாங்கின நாளிலிருந்து யாரும் கழுவவே இல்லை. கொஞ்ச நாளாக ஸ்டீரிங் வலது பக்கம் உதறுகிறது என்றும் சொன்னான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டான்.

முதலில் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. மண்டிக்காரர் காரை நான் ஏன் தொடவேண்டும்? அப்புறம், அதில் உட்காரப்போவது சகுந்தலா என்று நினைத்துக்கொண்டு லுங்கியை மடித்துக் கட்டினேன்.

அந்த மாதிரி உலோகத்தை இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். சாம்பல் போட்டால் கறுத்துப் போகும். என் பெண்டாட்டி ஈயச்சட்டியைச் சாம்பலில் ஊறவைத்துவிட்டு அழுதது எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால் சாக்கை நனைத்து நாலு சக்கரத்தின் மேலும் போர்த்தி மண்ணை ஊறவைத்தேன். மூங்கில் சிம்பால் சுரண்டி எடுத்தேன். மண் போனதும் தார். மண்ணெண்ணெய்த் துணியால் அழுந்தத் துடைத்ததும் தாரும் போயிற்று. அதற்கு அடியில் பிரேக் கரி, வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பழைய பல் பிரஷ்ஷும் சீயக்காயும் வைத்து ஆரக்கால், இடுக்கு, போல்ட் குழி என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். இடது பக்கம் இரண்டும் முடிந்தபோது நானே ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன். மண்டிக்காரர் பொய் சொல்லவில்லை. வெள்ளியேதான்.

வெள்ளி என்றால் வெள்ளிக்கு உண்டான மெருகு கொடுக்கவேண்டாமா? வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத்தானே தேய்க்கிறோம். கடையில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்று மடலை எடுத்துவந்தேன். மற்ற மூன்று சக்கரமும் முடிந்து, கடைசியாக வலது பக்கத்து முன்சக்கரத்துக்கு வந்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காய்ந்திருந்த இடத்தில் திருநீற்றைப் பூசினேன். பூசின வெள்ளைக்கு நடுவில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது.

முடி ஒன்று ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடி திருநீறு பூசினேன். அதே இடத்தில் அதே கோடு மெதுவாகக் கிளம்பி வந்தது. போல்ட் குழியில் தொடங்கி, ஆரக்காலின் அடியைச் சுற்றி, கட்டைவிரல் நீளத்துக்கு. உள்ளே இறங்கியிருந்த மண்ணெண்ணெய் கசிந்து திருநீற்றை நனைக்கிறது. அப்படியானால் உள்ளே இறங்க வழி இருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் சுரண்டினேன். மேலே யாரோ வெள்ளிப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள், அது பொருக்காக உதிர்ந்தது. சக்கரத்தில் விரிசல். கழுவாமலே வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி கட்டும்போது கெட்ட சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் அப்படிக் கொட்டுவது. நான் விரிசல் மேல் விரலை வைத்துக்கொண்டு அது முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

தரையில் ஓடினால் அந்தச் சக்கரம் இன்னும் ஒரு மாதம்கூடத் தாங்கலாம். அமிர்தி தாண்டி மலை ஏறினால், வளைவுக்கு வளைவு முழுப் பாரமும் முன்சக்கரத்தில் விழும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றும் கிடையாது. ஸ்டெப்னி மாற்றிவிடலாம் என்றால் அது டிக்கிக்குள் இருக்கிறது, சாவி சின்னதம்பியிடம்.

எங்கள் கடைப் பேச்சு ஒன்றை இங்கே சொல்லவேண்டும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்ததும் அங்கே மைப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். அதற்குப் பெயர் பொட்டு. பொட்டு வச்சாச்சா என்றால் ஓட்டையைக் கண்டுபிடித்தாயா என்று அர்த்தம். எந்த டிரைவருக்கும் இது தெரியும். உலோகத்தில் பென்சில் பிடிக்காது என்பதால் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, விரிசல் முடிகிற இடத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன்.

சின்னதம்பியைத் தேடிக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். நூறு முறை யோசித்துவிட்டேன், போயிருக்கவேண்டும். ஆனால் வாசலில் தேவராஜ் நின்று வரவேற்றுக்கொண்டிருப்பார். கடைசியில் வந்துட்டான் பாரு என்று ஒரு பார்வை பார்ப்பார். கால் எழவில்லை. அந்த நேரத்தில் தேவராஜின் அக்கா கெங்கம்மாள் தூக்குப்போசியில் கல்யாணச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். ஜெயம்மாள் கொடுத்தனுப்பியது. நான் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனால் அவளிடம் சொன்னேன்.

"வலது பக்கம் முன்சக்கரத்துல பொட்டு வச்சிருக்கேன். டிரைவரப் பாத்துக்கச் சொல்லுங்க. மறந்துடாதீங்க."

விரிசல் என்று சொல்லவில்லை. சகுந்தலாவுக்குத் தாலி ஏறி அரைமணி நேரம் ஆகவில்லை, மஞ்சள் பூசிய முகத்தோடு நிற்கிற ஒருத்தியிடம் விரிசல், உடையும் என்றெல்லாம் சொல்ல நாக்குக் கூசியது. டிரைவர் காதில் பொட்டு என்று விழுந்தால் போதும், புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். கெங்கம்மாள் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். கண் கலங்கியது. சொல்லிவிடுவதாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் கண் ஏன் கலங்கியது என்று அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

சற்று நேரத்தில் ஒரு லாரிக்காரர் வந்து கூப்பிட்டார். அமிர்திக்கு மூங்கில் ஏற்றப் போகிற காலி லாரி, கணியம்பாடிப் பக்கம் பஞ்சராகி நிற்கிறதாம். போகவேண்டாம், சின்னதம்பி வருகிறவரை இரு என்று ஒரு மனசு சொன்னது. அவனோடு தேவராஜும் வருவார் என்று இன்னொரு மனசு சொன்னது. சாமான் பையைத் தூக்கிக்கொண்டு லாரிக்காரரோடு போய்விட்டேன்.

டயரை ஒட்டி மாட்டிவிட்டு, ஜாக்கியை எடுக்க லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். அப்போதுதான் கார் எங்களைத் தாண்டிப் போயிற்று. அடியிலிருந்து பார்த்ததால் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. என் பக்கம் தெரிந்தவை இடது பக்கத்துச் சக்கரங்கள். வெயிலில் மின்னிக்கொண்டு, இரண்டிலும் மஞ்சளும் குங்குமமுமாகப் பெரிய பொட்டு. நான் இடது பக்கத்தில் பொட்டே வைக்கவில்லை.

எழுந்த வேகத்தில் லாரியின் அடிச்சட்டத்தில் தலை இடித்தது. தாய்மாமன் கோபத்தை மறந்து பெண்ணை வாழ்த்திப் பொட்டு வைத்திருக்கிறான் என்று கெங்கம்மாள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். ஒற்றைப் பொட்டு ஆகாது என்று மற்ற மூன்றுக்கும் அவளே வைத்திருக்கிறாள். டிரைவரிடம் எதற்குச் சொல்லவேண்டும்? பொட்டு வைத்ததைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? லாரிக்காரரின் கையைப் பிடித்து, அந்தக் காரை விடாதீங்க என்று கெஞ்சினேன். வழி நெடுக ரோட்டோரத்தில் கூட்டம் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

நல்லவேளை, அமிர்தியில் வனத்துறைக் கேட்டுக்கு முன்னால் கார் நின்றிருந்தது. மலையேறும் முன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தேவராஜ் கையில் கற்பூரத் தட்டு. பின்சீட்டில் மாப்பிள்ளை, சகுந்தலா, கெங்கம்மாள். என்னைப் பார்த்ததும் சகுந்தலாவுக்கு முகமெல்லாம் பூத்தது. மாமா வந்துவிட்டார் என்று மாப்பிள்ளையிடம் சொன்னது உதட்டசைவில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் தேவராஜிடம் அதைச் சொல்லவேண்டியிருந்தது.

"மாமா, இந்தச் சக்கரம் தாங்காது. மலையில ஒடஞ்சிடும். பொண்ண எறக்குங்க."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கெங்கம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். தேவராஜ் தட்டைக் கீழே வைத்தார்.

"மொத தாம்பூலம் குடுக்கலன்னு, இத்தன நாள் காத்திருந்து இன்னிக்கி வந்து வாய வைக்கிறியா?"

காட்டுகிறேன் பாருங்கள் என்று மண்டியிட்டேன். சக்கரத்தில் என் பொட்டின் மேலும் கெங்கம்மாள் அப்பியிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் வழித்தேன். தட்டிலிருந்த திருநீற்றை அள்ளிப் பூசினேன். கோடு வரவில்லை. மண்ணெண்ணெய் வெயிலில் வற்றிப்போயிருந்தது, விரிசலுக்குள் மஞ்சள் போய் அடைத்துக்கொண்டிருந்தது. சின்னதம்பி குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லையே அண்ணே என்றான். எங்கிருந்தாவது கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டுவாருங்கள் என்று கேட்டேன். கல்யாணப் பெண் போகிற காரின் முன்னால் மண்ணெண்ணெய் கேட்கிற ஆளை எல்லாரும் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள். தேவராஜ் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, எடுப்பா வண்டியை என்றார். சின்னதம்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினான். எஞ்சின் ஓடத் தொடங்கியது.

பையில் குத்தூசி இருந்தது. டயரின் பக்கவாட்டில் வைத்துக் கைப்பிடிவரை இறக்கினேன்.

காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கார் என் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பதினெட்டு வருஷம் ஓட்டையை அடைத்துச் சாப்பிட்டவன் நான். கையால் ஓட்டை போட்டது அன்று ஒருநாள்தான். தேவராஜ் இறங்கி வந்து என் கன்னத்தில் அறைந்தார். வலித்த ஞாபகம் இல்லை. அப்புறம் சகுந்தலா இறங்கி வந்தாள். மாலை கசங்கி, கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"ஒரு வெத்தலத் தட்டுக்காவா மாமா?"

டயரைக் குத்தியது தட்டுக்காக இல்லை. ஆனால் காலையிலேயே வாயைத் திறந்து சொல்லாமல் போனது அந்தத் தட்டுக்காகத்தான். அதை எப்படிச் சொல்வது?

டிக்கியிலிருந்த இரும்பு ஸ்டெப்னியைச் சின்னதம்பி மாட்டினான். கழற்றிய சக்கரத்தை நான் கேட்டேன். முதலாளி பொருள், கொடுக்க முடியாது என்று டிக்கியில் போட்டுக்கொண்டான். இதை மறுபடி மாட்டாதே என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னேன். சரி அண்ணே என்றான். மூன்று வெள்ளிச் சக்கரமும் ஒரு கறுப்புச் சக்கரமுமாகக் கார் மலையேறிப் போயிற்று. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது. அன்று நான் வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஆனி மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். நம்மியம்பட்டுக்குக் கீழே, இரண்டாவது வளைவில் கார் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். மண்டிக்காரர் புது டயர் போட்டு, விரிசல் மேல் மறுபடி வெள்ளிப் பெயிண்ட் அடித்து, அந்தச் சக்கரத்தையே திரும்ப மாட்டச் சொல்லியிருக்கிறார். புளி மூட்டையோடு சின்னதம்பி தனியாக வந்திருக்கிறான். ஆள் அங்கேயே போய்விட்டான்.

நான் போய்ப் பார்த்தேன். சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உடைந்த துண்டு ஒன்று புதரில் இருந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கறுப்பு, பழைய விரிசல். வெள்ளை, அன்று உடைந்தது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, முதலில் சின்னதம்பி வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்து நின்றாள்.

"எங்கூட்டுக்காரரு உனக்கு இன்னா பண்ணாரு?"

அதற்குமேல் துணியை அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தேவராஜ் வீட்டிலாவது காட்டலாம் என்று போனேன். அவர் அந்தத் துண்டைப் பார்த்தார், கறுப்பையும் வெள்ளையையும் பார்த்தார். சொன்னபடியே நடத்திட்டியே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் உண்மை சொன்னேன் என்பதற்கு எது சாட்சியோ, அதுவே நான் சபித்தேன் என்பதற்கும் சாட்சியாகப் போயிற்று. கருநாக்குக்காரன் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. லாரிக்காரர்கள் என் கடையைத் தாண்டிப்போய்ப் பஞ்சர் ஒட்டிக்கொண்டார்கள். கடைத்தெருவில் என்னைக் கேலி செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மாசி மாதம் வளைகாப்புக்காகச் சகுந்தலா மலையிலிருந்து இறங்கி வந்தாள். ஒருநாள் சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் அக்காவோடு வந்து நின்றாள். ரோட்டைத் தாண்டவில்லை. என் நிழல் மேலே படக்கூடாது என்று யாரோ சொல்லியனுப்பியிருப்பார்கள். முகம் இளைத்து, கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. நான் எழுந்து துணிச்சுற்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் படித்த பெண், பத்தாவது வரை போனவள். அவளுக்குப் புரியும். போல்ட் குழி, ஆரக்கால், மண்ணெண்ணெய், திருநீறு என்று எல்லாவற்றையும் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டேன்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"மாமா, அன்னிக்கி சொன்ன சொல்லு எம்மேல இன்னும் இருக்கா?"

இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள், நான் அங்கிருந்தே எதையாவது எறிந்துவிடுவேன் என்பது போல. இந்தக் குழந்தை பிறக்கிறவரை அவளுக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் போகும். விரிசலைக் காட்டினால் அவள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். பாதி நம்பினால் மீதிப் பாதி பயம் அப்படியே இருக்கும். எனக்கு அழுகை வந்தது. துணிச்சுற்றைப் பலகைக்கு அடியில் வைத்தேன்.

"இருந்துச்சும்மா. கோவத்துல சொல்லிட்டேன். இப்ப எடுத்துட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"புள்ள மேல ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தயும் எடுத்துட்டேன்."

அவள் இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள்.